மைக்கா போர்த்த பலகைக்கு வர்ணம் தீட்டுதல்

அடுக்குமாடி வீடுகளில் தரைக்கு மரப்பலகை விரிக்கும் வழக்கம் பரவிய நாளிலிருந்து, சுவரும் தரையும் கூடுகிற மூலையில் முன்பு சிமெண்டாலோ டைல்ஸாலோ அமைந்திருந்த ஸ்கர்ட்டிங்கின் ஸ்தானத்தை, தேக்கு நிறமோ வால்நட் நிறமோ காட்டுகிற மெல்லிய உறை போர்த்திய மரத்தூள் பலகை பிடித்துக்கொண்டுவிட்டது. அதே உறைதான் கதவு நிலையைச் சுற்றி அடித்த பீடிங்கிலும், பல இடங்களில் நிலையின் முகத்திலும் காணப்படுகிறது. குடிவந்த புதிதில் கம்பீரமாகத் தோன்றிய அந்தக் கரும்பழுப்பு, சில வருஷங்கள் கழித்து அறையை இருட்டாக்குகிறதென்றும், சுவருக்கு வெளிர்நிறம் பூசியபின் அதனோடு இசையவில்லையென்றும் வீட்டுக்காரருக்குத் தோன்றத் தொடங்குகிறது. அப்போது அவர் யோசனை கேட்கிற பெயிண்டர்களில் ஒருவர், "மைக்கா மேலே எதுவும் பிடிக்காதுங்க, பேத்துப் போட்டுட்டுப் புதுசா அடிச்சிடலாம்" என்பார். மற்றொருவர், "ரெண்டு கோட்டு எனாமல் போட்டா எல்லாம் பிடிச்சுக்கும் சார்" என்பார். முதலாமவர் சொல்வது மிகை. இரண்டாமவர் சொல்வது அபாயம். மைக்காவின் மேல் வர்ணம் நிற்கும். ஆனால் நாம் விலைகொடுத்து வாங்குகிற அந்த மேல்வர்ணம் அதை நிற்க வைப்பதில்லை, அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நாம் செய்துவைக்கிற காரியமே நிற்க வைக்கிறது.

இதைத் தெளிவாக உணர, அந்த உறை எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் 1913ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஃபேபர், டானியல் ஓகானர் என்ற இரு எஞ்சினியர்கள் தொடங்கிய ஃபார்மைக்கா கம்பெனி, பிசினில் தோய்த்த பொருளை அடுக்கி அழுத்தி, மின்சார யந்திரங்களில் காக்காப்பொன் தகட்டுக்குப் பதிலாகப் பயன்படும் காப்புத் தகட்டைச் செய்வதையே முதற்காரியமாகக் கொண்டிருந்தது. மேஜைக்கும் அலமாரிக்கும் அழகு செய்யும் தகடாக அது மாறியது பிற்பாடுதான். இன்றைக்கு நம் தச்சர்கள் மைக்கா என்று சொல்லுகிற தகட்டில், அடியிலே பீனால் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்கள் பலவும், மேலே மரத்தின் ரேகை அச்சிட்டு மெலமின் பிசினில் ஊறவைத்த காகிதமும் இருக்கின்றன. இவற்றைப் பெரும் உஷ்ணத்திலும் பெரும் அழுத்தத்திலும் ஒரே உடலாக இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுகிய பிசின் மறுபடி உருகாது, தின்னரில் கரையாது, நீரை உள்ளே விடாது. காபிக் கறையையும் எண்ணெயையும் ஒட்டவிடாத அதே சுபாவம்தான் நம் வர்ணத்தையும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. மரத்தில் வர்ணம் துவாரங்களுக்குள் இறங்கி வேர்பிடிக்கிறது. இங்கே இறங்கத் துவாரமே இல்லை. எனவே கரகரப்பை நாம் உண்டாக்கவேண்டும், பற்றும் குணமுள்ள பிரைமரை இடையில் வைக்கவேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் பூசிய எனாமல், எண்ணெய் தேய்த்த நெற்றியில் ஒட்டிய பொட்டைப் போல, பார்க்க நன்றாயிருக்கும், கைபட்டதும் வந்துவிடும்.

ஆனால் மைக்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவதெல்லாம் ஒரே வஸ்து அன்று என்பதே இவ்விஷயத்தில் முதலில் கவனிக்கவேண்டியது. பெயிண்டர்களின் தோல்விகளில் பெரும்பாலானவை இந்தப் பேதத்தை அறியாததால் நேர்பவை என்பது என் அபிப்பிராயம். அகன்ற, தட்டையான நிலை முகத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மேலே சொன்ன உண்மையான தகடு. அதன் ஓரத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமனும், அடியில் கருத்த கோடு போன்ற விளிம்பும் தெரியும். வளைவும் நெளிவுமாகச் செதுக்கிய பீடிங்கையும், மேல்விளிம்பு உருண்ட ஸ்கர்ட்டிங்கையும் அப்படிப்பட்ட விறைப்பான தகட்டால் சுலபத்தில் போர்த்த முடியாது. அவற்றில் இருப்பது எம்.டி.எஃப். பலகையின் மேல் சுற்றி ஒட்டிய படலம். அந்தப் படலம் காகிதமாகவும் இருக்கலாம், பி.வி.சி.யாகவும் இருக்கலாம். கதவுக்குப் பின்னால், கண்படாத மூலையில், நகப்பூச்சு அழிக்கும் அசிடோனில் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வைத்து எடுத்துப் பாருங்கள்: மெலமின் தகடாயின் ஒன்றும் ஆகாது, பி.வி.சி.யாயின் மேற்புறம் மங்கி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டைச் சற்றுக் காட்டினாலும் பி.வி.சி. இளகும், காகிதப் படலம் இளகாது. இப்போது குளியலறைக் கதவுகளுக்கு அதிகமாக வாங்கப்படும் டபிள்யூ.பி.சி. நிலைகளின் உடலே பி.வி.சி.யும் மரத்தூளும் கலந்ததாகையால், அவற்றையும் பி.வி.சி. இனத்தோடேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பரீட்சையை வீண் ஆராய்ச்சி என்று எண்ணவேண்டாம். வளையக்கூடிய பி.வி.சி. படலத்தை மிருதுவாக்குவதற்கென்று அதனுள் கலந்திருக்கிற எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே கசிந்துகொண்டிருக்கும்; அதன்மேல் நேராகப் பூசிய டர்பென்டைன் எனாமல் அந்தக் கசிவை உறிஞ்சி, மாதங்கள் சென்றும் முழுக்கக் காயாமல், தொட்டால் விரலோடு ஒட்டுகிற நிலையிலேயே இருந்துவிடும். அங்கே தண்ணீரில் கலக்கும் பிரைமரும் தண்ணீரில் கலக்கும் எனாமலுமே பொருந்தும். ஸ்ப்ரே செய்பவர்கள் பயன்படுத்தும் காரமான தின்னரை அதன்மேல் படவிட்டால் படலமே சுருங்கிக் குமிழ்விடும். உண்மையான மெலமின் தகட்டுக்கு இந்தத் தொந்தரவு ஒன்றும் கிடையாது. அதற்கு வேண்டியதெல்லாம் பற்று மாத்திரமே.

வேலையைத் தொடங்குமுன் பலகை வர்ணத்துக்குத் தகுதியானதுதானா என்று பார்க்கவேண்டும். விரல்முட்டியால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போனால் உறை விட்டுப்போன இடத்தில் ஓசை வேறுபடும். சிறிதளவு விட்டிருந்தால் கத்திமுனையால் பசையை உள்ளே செலுத்தி, மேலே மரக்கட்டை வைத்து ஒரு ராத்திரி இறுக்கிவைத்தால் போதும். குளியலறை வாசலிலும் துணி துவைக்கும் பால்கனி வாசலிலும் நிலைப் பட்டையின் அடி அரையடி உயரம் உப்பிப் பருத்திருக்குமானால், உள்ளிருக்கும் எம்.டி.எஃப். தண்ணீர் குடித்து வீங்கியிருக்கிறதென்று அர்த்தம்; வீங்கிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அந்தத் துண்டை அறுத்தெடுத்துவிட்டு வேறு துண்டு வைப்பதைத் தவிர வழியில்லை. அப்படி வைக்கும்போது புதுத் துண்டின் அடிமுனைக்கு, பொருத்துவதற்கு முன்பே, பிரைமர் பூசிவிடவேண்டும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலும் கடலோரப் பட்டணங்களிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாயிருக்கையில், தண்ணீர் வர்ணம் காய மறுக்கும். அரக்கு கலந்த பிரைமர் வெளுத்துப் பனிமூட்டம் கட்டும். அக்கினி நட்சத்திர வெயிலிலோ, பிரஷை எடுத்து மறுபடி வைப்பதற்குள் முதல் இழுப்பு காய்ந்து தழும்பு விழும். ஆடிக் காற்றில் கதவைத் திறந்துவைத்தால் தெருப்புழுதி முழுவதும் ஈர வர்ணத்தின்மேல் வந்து உட்காரும். தை முதல் பங்குனி வரையுள்ள காலமே உத்தமம். பொங்கலுக்குமுன் முடித்துவிட வேண்டுமென்கிற அவசரத்தால் மார்கழிப் பனியில் ஆரம்பிப்பவர்கள், காலை பத்து மணிக்குமேல் தொடங்கி மாலை நாலு மணிக்குள் நிறுத்திக்கொள்வது நலம்.

இனிச் சுத்தம் செய்தல். அத்தியாயத்தில் இந்தப் பகுதியைத்தான் வாசகர்கள் தாண்டிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மற்றெல்லாவற்றையும்விட விரிவாக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. நிலைப் பட்டையில் தோளுயரத்திலும், குழந்தைகள் உள்ள வீட்டில் இடுப்புயரத்திலும், கைகள் ஓயாமல் பட்டு ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அடுப்பங்கரை வாசலில் தாளிப்புப் புகை படிந்திருக்கும். பூஜையறை வாசலில் சாம்பிராணியும் கற்பூரமும் சேர்ந்து கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சைப் பூசியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இருமுறை துடைப்பது போதுமான முறை. சோடாவின் மிச்சம் தங்கினால் அதுவே பிரைமரைப் பிடிக்கவிடாது. ஆகையால் வெறும் தண்ணீர்த் துடைப்பை விட்டுவிடக் கூடாது. ஸ்கர்ட்டிங்கின் பொருத்துகளிலும் அறுத்த முனைகளிலும் தண்ணீர் ஓடவிடாமல், துணியை நன்றாகப் பிழிந்துகொண்டே செய்யவேண்டும்.

பூஜையறை நிலையைச் சுத்தம் செய்யும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமமிட்ட இடத்தில் சோடாத் தண்ணீர் பட்டதும், மஞ்சள் மறைவதற்குப் பதிலாகச் செக்கச்செவேலென்று சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி எடுக்கிற வீடுகளில் இதன் காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரமுள்ளதுதான். அதைக் கண்டு பயப்படாமல், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மஞ்சளின் நிறப்பொருள் கரைந்து வந்துவிடும். பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைக்காவின்மேல் துடைத்தால் போகிற மஞ்சள், நாளைக்கு வெள்ளை வர்ணத்தின்மேல் பட்டால் கறையாக நின்றுவிடும். அதற்காக வீட்டுப் பெண்களின் வெள்ளிக்கிழமையை மாற்றச் சொல்வது நியாயமாகாது; நிலையின் அடியில் மஞ்சளிடுகிற அந்தச் சிறிய பாகத்தை மாத்திரம் வர்ணம் பூசாமல் விட்டுவிடலாம், அல்லது ஒரு பித்தளைத் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்திவிடலாம்; பார்க்கவும் லக்ஷணமாயிருக்கும்.

மரச்சாமான் மினுங்குவதற்கென்று விற்கப்படும் சிலிக்கான் கலந்த பாலிஷை யாராவது இந்தப் பலகைகளில் தடவியிருந்தால் அது சோடாவுக்கு முழுவதும் அடங்காது; பின்னால் பூசுகிற வர்ணம் அங்கங்கே விலகி, மீன்கண்போல வட்ட வட்டமாகக் குழிவிடும். அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டால் மறுபடி ஒருமுறை துடைப்பதும், துணியை அடிக்கடி மாற்றுவதும் அவசியம். ஸ்டிக்கர், தோரணத்துக்கு ஒட்டிய டேப் முதலியவற்றின் பசையைத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு உருட்டியெடுக்கலாம். எண்ணெயை அதன்பின் சோப்பால் கழுவ மறக்கக் கூடாது. ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பில் பழைய சிலிக்கான் பசைக்கோடு இருக்குமாயின் அதைக் கத்தியால் முழுக்க அறுத்தெடுக்கவேண்டும். சிலிக்கானின் மேல் எந்த வர்ணமும் தங்காது.

கழுவிய பலகை ஒருநாள் காய்ந்தபின் உப்புத்தாள் வேலை. இங்கே நோக்கம் மைக்காவைத் தேய்த்து அகற்றுவதன்று, அதன் பளபளப்பைக் கொல்லுவது மாத்திரமே. தகடாயின் 180ஆம் நம்பர் தாளால் ஒருமுறையும் 220ஆம் நம்பரால் ஒருமுறையும் தேய்க்கலாம். படலமாயின் 320ஆம் நம்பருக்குக் கீழே போகவே கூடாது. யந்திரத்தை அறவே ஒதுக்கிவிட்டு, கையால், அதுவும் விளிம்புகளில் பாரம் வைக்காமல் தேய்க்கவேண்டும். படலம் காகிதக் கனமே உள்ளதாகையால் உருண்ட விளிம்பில் சற்று அழுத்தினாலும் அறுந்து எம்.டி.எஃப். வெளியே தெரிந்துவிடும், அங்கே தண்ணீர்ப் பிரைமர் பட்டால் மரநார் விறைத்து எழுந்து சொரசொரக்கும். அப்படி ஆன இடத்தில், ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை ஒருமுறை தொட்டுவைத்துக் காயவிட்டு, மெல்லத் தேய்த்துவிட்டால் சரியாய்விடும். மர ரேகையைக் குழிவாகவே அழுத்தியிருக்கிற சொரசொரப்பு மைக்காவில் உப்புத்தாள் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். குழிக்குள் புகுவதற்குப் பச்சை நாரே ஏற்றது. அந்த ரேகைக்குழி வர்ணத்துக்கு அப்பாலும் தெரியும் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். சிலருக்கு அது மரத்தின் களையாகப் பிடிக்கிறது, பிடிக்காதவர்கள் முதல் பிரைமருக்குமேல் பட்டியை மெல்லியதாக இழுத்து, தேய்த்து, மறுபடி பிரைமர் பூசவேண்டியதுதான். தேய்ப்பு போதுமா என்பதைக் கண்ணால் நேரே பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பலகையோடு படுக்கவைத்து அடித்தால் மினுக்கு மிஞ்சிய தீவுகள் தாமே காட்டிக்கொடுக்கும்.

மூக்குக்கு நல்ல முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். மெலமின் தூளும் எம்.டி.எஃப். தூளும் சுவாசத்துக்கு ஆகாதவை. நிலையின் ஒரு பாகம் பழைய எனாமல் பூசிய மரமாக இருந்து, அந்தப் பூச்சு 2017 நவம்பருக்கு முந்தியதானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்துலக்ஷத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் தேசத்தில் அந்த மாதம் முதல்தான் அமலுக்கு வந்தது. அப்படிப்பட்ட மரத்தை உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்தெடுத்துவிடுவதே விவேகம். குழந்தைகளை அன்றைக்கு அந்த அறைப்பக்கமே வரவிடக் கூடாது. தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். ஆணிக்குழிகளையும் மூலைப் பொருத்துகளையும் பட்டியால் நிரப்புவது எல்லோரும் அறிந்த வேலை. ஸ்கர்ட்டிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துக்கு மட்டும், கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும், வர்ணம் ஏற்கும் அக்ரிலிக் பசையையே கேட்டு வாங்கவேண்டும்.

பிரைமர் விஷயத்தில் கடைகளில் பெரும் குழப்பம் உண்டு. மரத்துக்கென்று விற்கும் சாதாரண வெள்ளை உட் பிரைமர், உறிஞ்சும் மரத்தை எண்ணிச் செய்தது. இரும்புக்கென்று விற்கும் ரெட் ஆக்சைடு துருவை எண்ணிச் செய்தது. இரண்டும் மைக்காவுக்கு உரியவை அல்ல. வழவழப்பான பரப்பில் பற்றுவதற்கென்றே செய்த, டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் பி.வி.சி.க்கும் பொருந்துமென்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிற பிரைமரைத் தேடவேண்டும். அரக்கை அடிப்படையாகக் கொண்ட பிரைமரும் வழவழப்பில் நன்றாகப் பற்றும். கறையையும் பழைய புகைவாசனையையும் மூடிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும். ஆனால் அரக்கு தண்ணீரில் நீண்டநேரம் நனைந்தால் பலம் குன்றும். ஆகையால் கதவு நிலைக்கு அதைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிற நான், தினந்தோறும் ஈரத்துணி படுகிற ஸ்கர்ட்டிங்குக்குச் செய்யமாட்டேன். இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எபாக்ஸி பிரைமர் மெலமின் தகட்டில் எல்லாவற்றையும்விடக் கெட்டியாகப் பிடிக்கும். அதன் நெடியும், கலந்தபின் குறித்த நேரத்துக்குள் பூசி முடிக்கவேண்டிய நிர்ப்பந்தமும் பழக்கமில்லாதவருக்குச் சிரமம் தரும். இரண்டு டப்பா பி.யூ. வர்ணத்தையோ தக்க முகமூடியில்லாமல் வீட்டுக்குள் யாரும் கையாளலாகாது. அது தொழில் தெரிந்தவரின் வேலை.

எந்தப் பிரைமரை வாங்கினாலும், அதன் விளம்பரத்தை நம்பாமல் ஒரு பரீட்சை செய்துபார்த்துவிட வேண்டும். கதவு மூடினால் மறைந்துபோகிற பக்கத்தில் நாலு விரற்கடை இடத்தைச் சுத்தம் செய்து, தேய்த்து, பிரைமரும் வர்ணமும் முறைப்படி பூசி ஒருவாரம் விட்டுவிடுங்கள். பிறகு சவரப் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக, கோலப்புள்ளி இடைவெளியைவிட மிகச் சிறிதாக, ஆறாறு கீறல்கள் போட்டு, அதன்மேல் நல்ல ஒட்டு டேப்பை அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். தொழிற்சாலைகளிலும் வர்ணத்தின் பற்றை இதே மாதிரிதான் சோதிக்கிறார்கள். கட்டங்களின் ஓரத்தில் பொடி உதிர்ந்தால் பாதகமில்லை. கட்டங்கள் முழுதாக டேப்போடு வந்துவிட்டால், சுத்தத்திலோ தேய்ப்பிலோ பிரைமரிலோ குறை இருக்கிறது. வீடு முழுவதும் பூசியபின் தெரியவேண்டியது ஒரு விரற்கடையில் தெரிந்துவிட்டதென்று திருப்திப்பட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

பிரைமரை மெல்லியதாக ஒரே பூச்சுப் பூசினால் போதும். அடியில் இருக்கிற பழுப்பு திட்டுத்திட்டாகத் தெரிவதைக் கண்டு கனமாக அப்பவேண்டாம். அதன் கடமை பற்றுவதே. மறைப்பது மேல்வர்ணத்தின் கடமை; கரும்பழுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் இரண்டாம் பூச்சுப் பிரைமர் கொடுத்துக்கொள்ளலாம்.

மேல்வர்ணத்தைப் பொறுத்தவரை, நம் பெயிண்டர்களுக்கு டர்பென்டைன் எனாமலின்மேல் பரம்பரையான ஒரு பக்தி உண்டு. அது ஓடிப் பரவிக் கண்ணாடிபோல் அமைகிற அழகை நானும் மறுக்கவில்லை. ஆயினும் அந்த எனாமலின் வெள்ளை, வெளிச்சம் குறைந்த இடத்தில் வருஷத்துக்கு வருஷம் மஞ்சளிக்கும். கதவுக்குப் பின்னாலும் சோபாவுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கிற ஸ்கர்ட்டிங்கோ வெளிச்சமே காணாதது. தண்ணீரில் கலக்கும் எனாமல் அப்படி மஞ்சளிப்பதில்லை, நெடியும் குறைவு. முன்னே சொன்ன பி.வி.சி. தோஷத்துக்கும் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இதற்குப் பன்றிமுடிப் பிரஷ் உதவாது, தண்ணீரை உறிஞ்சி விரிந்துபோகும். செயற்கை நாரில் செய்த இரண்டங்குல பிரஷும், அகன்ற முகத்துக்கு நாலங்குல ஸ்பாஞ்சு ரோலரும் போதும். இரண்டடி நீளத்துக்கு வர்ணத்தை இட்டு, காய்வதற்குள் பிரஷின் நுனியால் ஒரே திசையில் நீளவாட்டத்தில் ஒருமுறை இழுத்துவிட்டு, அதன்பின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் மேலே போகவேண்டும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தைத் திருத்தப்போவதுதான் தழும்பு விழுவதற்கு முக்கிய காரணம். மெல்லிய பூச்சு இரண்டு, நடுவில் 320ஆம் நம்பர் தாளால் ஒரு தடவல். டப்பாவில் எழுதியிருக்கும் இடைவேளையைக் குறைக்கலாகாது.

ஸ்கர்ட்டிங்கின் சத்துரு தண்ணீர். நிலைப் பட்டையின் சத்துரு மனிதனுடைய கை. ஆகையால் இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து பூசினாலும் கவனம் வெவ்வேறு இடத்தில் இருக்கவேண்டும். ஸ்கர்ட்டிங்கில் நம் பார்வைக்குத் தெரியாத அடிவிளிம்பே முக்கியம். தரைக்கும் பலகைக்கும் இடையே பழைய எக்ஸ்ரே படத்தின் துண்டைச் செருகி நகர்த்திக்கொண்டே போனால், தரை பாழாகாமல் பிரஷ் அடிவிளிம்புவரை எட்டும். தரை டைல்ஸாக இருந்தால், எல்லா வர்ணமும் காய்ந்து முடிந்தபின், கடைசி வேலையாக, தரையோரத்தில் நிறமற்ற சிலிக்கான் கோடு ஒன்று இழுத்துவிடலாம். துடைக்கிற தண்ணீர் உள்ளே புகாது. மரப்பலகை விரித்த தரையாயின் இதைச் செய்யக் கூடாது. அந்தப் பலகைகள் பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதற்காகவே ஓரத்தில் இடம் விட்டு, அந்த இடத்தை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங்கை வைத்திருக்கிறார்கள்.

நிலையிலோ, பூசுவதற்கு முன்பே கதவை மூடிப்பார்த்து, இடைவெளியில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனமுள்ள அட்டை மேலிருந்து கீழ்வரை தடையின்றி ஓடுகிறதா என்று சோதிக்கவேண்டும். பிரைமரும் இரண்டு பூச்சு வர்ணமும் சேர்ந்தால் முன்பே இறுக்கமாயிருந்த கதவு உரசி, நாம் பட்ட பாடெல்லாம் ஒரே வாரத்தில் சீவலாக உதிரும். இறுக்கமிருந்தால் கீலைச் சரிசெய்த பிறகே வர்ணம். பூட்டுத் தகடுகளையும் கொண்டிகளையும் திருகு கழற்றி எடுத்துவிடுவது, அவற்றைச் சுற்றி டேப் ஒட்டுவதைவிட உண்மையில் சீக்கிரம் முடிகிற வேலை. கதவு வந்து அடிக்கிற படியில் ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பட்டையையும் எடுத்துவைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்தே திரும்ப ஒட்டவேண்டும். அது புது வர்ணத்தோடு பிசின்போல் பிடித்துக்கொள்ளும். மாஸ்கிங் டேப்பை வர்ணம் முழுக்கக் காயும்வரை விட்டுவைத்தால் படலத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்; கடைசிப் பூச்சு ஈரமாயிருக்கையிலேயே சாய்வாக இழுத்து எடுத்துவிடுவது நல்லது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே வர்ணம் முதிர்ந்துவிட்டதென்று கொள்ளலாகாது. தண்ணீர் எனாமல் மணிக்கணக்கில் உலர்ந்தாலும், உட்கடினம் பெறுவதற்கு மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை கதவை ராத்திரியில் இறுக மூடாமல் சற்றே ஒருக்களித்து வைப்பதும், மூடியே ஆகவேண்டுமானால் படும் இடத்தில் முகப்பவுடரைத் தூவிவிடுவதும், ஸ்கர்ட்டிங்கின்மேல் நாற்காலிக் காலும் துடைப்பக் கட்டையும் இடிக்காமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும். வீடு துடைக்க வருகிற அம்மாளிடம், "இந்த மாசம் முழுக்க ஓரத்துல துணியை நல்லாப் பிழிஞ்சு தொடைங்கம்மா, பினாயில் ஊத்த வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் என்றைக்காவது விளிம்பில் சில்லு பெயர்ந்தால், அந்த இடத்தை மட்டும் 320ஆம் நம்பர் தாளால் தேய்த்து, பிரைமர் தொட்டு, வர்ணம் தொட்டுவிடலாம். அதற்கென்று மிஞ்சிய வர்ணத்தைச் சிறிய ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடி, நிறத்தின் நம்பரையும் பூசிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.